மலிவு ஒயினின் வெப்பக் கணக்கு

பார்சிலோனாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, பெனடெஸ் என்ற திராட்சை வட்டாரத்தின் நடுவே இருக்கிறது வில்லாஃப்ராங்கா. 1870 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவரும் டோரஸ் ஒயின் ஆலை இங்கேதான் தொடங்கியது. 1954-ல் அவர்கள் ஒரு சிவப்பு ஒயினைச் சந்தைக்கு விட்டார்கள். பெயர் சாங்கிரே டி டோரோ, அதாவது ‘காளையின் இரத்தம்’. பாட்டிலின் கழுத்தில் தொங்கும் குட்டிப் பிளாஸ்டிக் காளைதான் அடையாளம். ஸ்பெயினில் பத்து யூரோவுக்குள் வாங்கிவிடலாம். அந்த நாட்டுக் கணக்கில் அது மலிவு.

ஒயினைப் பற்றி எழுதுபவர்களின் கண்ணெல்லாம் விலை உயர்ந்த பாட்டில்கள் மேல்தான். என்னைக் கேட்டால், வேதியியலைக் கற்றுக்கொள்ள விலை குறைந்த பாட்டிலே மேல். சில நூறு பாட்டில்களே தயாரிப்பவர் ஒரு தொட்டி கெட்டால் கொட்டிவிட்டு, மற்றதன் விலையை ஏற்றிக்கொள்ளலாம். பெருந்தொட்டியில் வடித்துச் சின்ன லாபத்துக்கு விற்பவருக்கு அந்த வசதி இல்லை. வருஷா வருஷம் அதே ருசி வந்தாக வேண்டும்.

முதலில் பழம். சாங்கிரே டி டோரோவின் அடிப்படை, கர்னாச்சா, கரின்யேனா என்ற இரண்டு ஸ்பானியத் திராட்சைகள். கர்னாச்சா வெயிலுக்கும் வறட்சிக்கும் அஞ்சாத கொடி. சர்க்கரை தாராளமாக ஏறும். ஆனால் தோல் மெலிது, நிறம் குறைவு, புளிப்பும் குறைவு, காற்றுப் பட்டால் சீக்கிரம் வெளுத்துப்போகும். அந்தக் குறைகளை ஈடுகட்ட வருவது கரின்யேனா. நிறம், துவர்ப்பு, புளிப்பு மூன்றும் அதில் தூக்கல்.

கறுப்புத் திராட்சையைப் பிழிந்தாலும் சாறு கிட்டத்தட்ட நிறமில்லாமல்தான் வரும். சிவப்பெல்லாம் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிகளுடையது. அதனால் சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தனியே எடுப்பதில்லை. நசுக்கிய பழத்தைத் தோலும் விதையுமாகவே தொட்டியில் நிரப்புகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலாக்குகிறது, கூடவே கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் சாறு முழுவதும் நொதித்து முடிப்பதற்குள் 50 லிட்டருக்கும் மேல் வாயு கிளம்பும். அந்த வாயு தோல்களை மேலே தள்ளிவிடுவதால் தொட்டியின் மேற்பரப்பில் தடித்த ஏடு ஒன்று கட்டுகிறது. அதை அப்படியே விட்டால் மேலே காய்ந்து, உள்ளே சூடேறி, கெட்ட பாக்டீரியாக்களுக்கு வீடாகிவிடும். அடியிலிருக்கும் சாற்றைப் பம்பு வைத்து இழுத்து, ஏட்டின் மேல் நாளுக்குச் சில முறை பொழிய வேண்டும். ஒவ்வொரு பொழிவிலும் தோலிலிருந்து இன்னும் கொஞ்சம் நிறமும், துவர்ப்பு தரும் டானினும் இறங்கும். இப்படியே ஒரு வாரம், பத்து நாள் நடக்கும்.

இனி வெப்பத்துக்கு வருவோம். நொதித்தல் வெப்பம் உமிழும் வினை. நன்கு பழுத்த திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 220 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீத ஆல்கஹால் என்பது ஆலைக்காரர்களின் வாய்ப்பாடு. ஆக 13 சதவீத ஒயின். அந்தச் சர்க்கரை எரியும்போது வரும் சூடு எங்கும் தப்பாமல் உள்ளேயே தங்கினால், சாற்றின் வெப்பநிலை இருப்பதற்கு மேல் இன்னும் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடலாம். கட்டலோனியாவின் செப்டம்பர் வெயிலில் பறித்த பழம் ஏற்கெனவே 25 டிகிரியில் வந்து இறங்குகிறது. கூட்டிப் பாருங்கள். ஈஸ்டோ 35 டிகிரியைத் தாண்டினாலே தள்ளாடும். 40-ஐ நெருங்கினால் செத்துவிடும். நொதித்தல் பாதியில் நின்று, தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே கிடக்கும். லாக்டிக் பாக்டீரியாக்கள் அதன் மேல் பாய்ந்து காடி வாசனையைக் கிளப்பிவிடும்.

சிறு பாத்திரத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு டம்ளர் சாம்பார் கண்ணெதிரே ஆறுகிறது. கல்யாணப் பந்தியின் அண்டா சாம்பார் மத்தியானம் வரை சூடாகவே இருக்கிறது. கொள்ளளவு பெருகும் வேகத்தில் மேற்பரப்பு பெருகாது என்ற வடிவியல்தான் காரணம். மலிவாக விற்கப் பெரிய தொட்டி வேண்டும், பெரிய தொட்டி தானாக ஆறாது. மத்தியதரைக்கடல் ஓரத்து மலிவு ஒயின்களுக்கு வெந்த ஜாம் மாதிரி ஒரு ருசி இருக்கிறது என்ற பழைய குற்றச்சாட்டின் பின்னணி பெரும்பாலும் இதுதான். பர்கண்டி போன்ற வடக்குப் பகுதிகளுக்கு இலையுதிர்காலக் குளிரே இலவசக் குளிர்பெட்டி. தெற்கே அந்த அதிர்ஷ்டம் இல்லை.

டோரஸ் குடும்பத்தின் நான்காம் தலைமுறையான மிகெல் அகுஸ்தின் டோரஸ், பிரான்ஸில் டிஜோன் நகரில் ஒயின் தொழில்நுட்பம் படித்துவிட்டு 1962-ல் குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். குளிரூட்டும் உறை போர்த்திய எவர்சில்வர் தொட்டிகளை ஸ்பெயினுக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். உறைக்குள் ஓடும் குளிர்நீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். வெள்ளை ஒயினை 15 டிகிரி அளவில் நிறுத்திப் பழ மணத்தைக் காக்கலாம். சிவப்பை 25-லிருந்து 28 டிகிரிக்குள் வைத்தால் நிறமும் இறங்கும், ஈஸ்டும் பிழைக்கும். 1979-ல் சிலியின் குரிகோ பள்ளத்தாக்கில் நிலம் வாங்கியபோது அந்த நாட்டுக்கும் இதே தொட்டிகளைக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டு பாரிஸில் கோ-மீயோ பத்திரிகை நடத்திய ஒயின் ஒலிம்பிக்கில் இவர்களின் 1970-ம் ஆண்டு கிரான் கொரோனாஸ் கறுப்பு லேபிள், ஷாட்டோ லத்தூரை முந்தியது. அது வேறு வகை, வேறு விலை. ஆனால் ஊர் வாயில் பெயர் விழுந்தது அப்போதுதான்.

குடும்பத்தின் கதை இதற்கெல்லாம் முன்பே தொடங்கியது. க்யூபாவில் பணம் சம்பாதித்துத் திரும்பிய ஹைமே டோரஸ் போட்ட முதலீட்டில் பிறந்த ஆலை அது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கடைசி மாதங்களில், 1939 ஜனவரியில், குண்டுவீச்சில் தரைமட்டமானது. மிகெல் அகுஸ்தினின் தந்தை அதைத் திரும்பக் கட்டினார். பீப்பாய் பீப்பாயாக மொத்தத்தில் விற்பதை விட்டு, சொந்தப் பெயர் ஒட்டிய பாட்டிலாக விற்கும் வழக்கமும் அவரோடுதான் வந்தது.

பீப்பாயை எடுத்துக்கொண்டால், அங்கேதான் விலையின் மர்மம் பாதி அவிழ்கிறது. வழக்கமான ஓக் பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். 750 மில்லி பாட்டிலில் 300. புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்கு 600 யூரோ கொடுத்தாலும், ஒரே தடவை பயன்படுத்தினால் பாட்டிலுக்கு 2 யூரோ மரத்துக்கே போய்விடும். ஆகவே மலிவு ஒயின் பழகிய பீப்பாயில் சில மாதங்களே தங்கும், அல்லது தங்கவே தங்காது. மரத்தின் நுண்துளை வழியே கசியும் ஆக்சிஜன் டானின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்து, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பைத் தணிக்கிறது. பிறப்பிலேயே துவர்ப்பு குறைந்த கர்னாச்சாவுக்கு அந்தத் தவணை நீளத் தேவையில்லை. எந்தக் கொடியை நட்டார்களோ, அதுவே விலையையும் பாதி தீர்மானித்துவிட்டது.

  

தொட்டிக்குள் இருந்த சூட்டைக் குளிர்நீர் உறையால் அடக்கியாயிற்று. இப்போது சூடு தோட்டத்துக்கு வந்திருக்கிறது. பெனடெஸில் கடந்த 40 ஆண்டுகளில் சராசரி வெப்பம் சுமார் 1 டிகிரி கூடியிருப்பதாகவும், அறுவடை பத்து நாள் அளவுக்கு முந்திவிட்டதாகவும் டோரஸ் குடும்பத்தினர் சொல்கிறார்கள். வெயில் கூடினால் கொடி தன் பழத்திலிருக்கும், புளிப்பு தரும் மாலிக் அமிலத்தை வேகமாக எரித்துத் தீர்க்கிறது. சர்க்கரை முந்திக்கொண்டு ஏறுகிறது; தோலின் நிறமும் விதையின் துவர்ப்பும் பின்தங்கிவிடுகின்றன. சர்க்கரையைப் பார்த்துப் பறித்தால் ஒயினில் பச்சை வாடை. தோலுக்காகக் காத்திருந்தால் ஆல்கஹால் 15 சதவீதம். கர்னாச்சாவுக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம்.

இதைச் சமாளிக்க டோரஸ் குடும்பம் பிரனீஸ் மலையடிவாரத்தில் ட்ரெம்ப் அருகே 950 மீட்டர் உயரத்தில் நிலம் வாங்கிப் போட்டது. நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும். அது நல்ல ஆதாயம். 2019-ல் அமெரிக்காவின் ஜாக்சன் குடும்ப நிறுவனத்தோடு சேர்ந்து, ஒயின் ஆலைகளின் கரிம உமிழ்வைக் குறைக்க ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. நொதித்தலில் கிளம்பும் கரியமில வாயுவைப் பிடித்து, தொட்டிகளில் ஒயினைக் காற்றுப் படாமல் காக்கத் திருப்பிப் பயன்படுத்தும் ஏற்பாடும் உண்டு. ஆனால் மலைக்கு ஏறிய தோட்டத்தின் பழம் மலிவு பாட்டிலுக்கு இறங்கி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. சரிவு நிலத்தில் கூலியும் வண்டி வாடகையும் அதற்கு இடம் கொடுக்காது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது வேறொன்று. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்ஸெரா பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தபோது, கட்டலோனியாவின் உள்ளூர் ரகங்கள் பல காணாமல் போயின. 1980-களில் டோரஸ் குடும்பம் உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது: பெயர் தெரியாத கொடி உங்கள் நிலத்தில் இருந்தால் சொல்லுங்கள். வேலியோரம், பாழ்நிலம், மரத்தில் படர்ந்தது என்று தகவல்கள் வந்தன. இதுவரை 50-க்கும் மேற்பட்ட ரகங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் துளிர் நுனியையும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, வைரஸ் நீக்கி, நட்டு, காய்க்கவிட்டு, சிறு தொட்டியில் நொதிக்க வைத்துப் பார்க்க வேண்டும். பத்திருபது ஆண்டு பிடிக்கும் வேலை. காலாண்டுக் கணக்கு கேட்கும் பங்குதாரர்கள் இருந்தால் நடக்காது. சில ரகங்கள் தாமதமாகப் பழுக்கின்றன, கடும் வெயிலிலும் புளிப்பை விடுவதில்லை. வெள்ளையில் ஃபோர்காடா, சிவப்பில் மோனேவ், கோன்ஃபாவ்ஸ், பிரேனே ஆகியவை நம்பிக்கை தருபவை. இப்போதைக்கு அவை சிறு அளவில், கூடுதல் விலைக்கு வருகின்றன. பத்து யூரோ பாட்டிலை நிரப்பும் அளவுக்கு அவற்றின் கொடிகள் இன்னும் பெருகவில்லை.