மஞ்சப்பையில் நாலு அட்டை

"அண்ணே, அத்தைக்கு என்னமோ ஆயிருச்சு. காலையில எழுப்புனா முழிக்க மாட்டேங்குறாங்க, எந்திரிச்சாலும் தடுமாறுறாங்க. சத்து மாத்திரை ஏதாவது குடுங்க" என்றார் அந்தப் பெண்.

இருபத்தாறு வருடமாகக் கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சத்து மாத்திரை கேட்பவர்களிடம், இப்போது என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மறுநாள் மஞ்சப்பையோடு வந்து கண்ணாடி மேசையில் கொட்டினார். நாலு அட்டை. வயிற்றுப் பொருமலுக்கு ஒன்று, டென்ஷனுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. மூன்றும் மூன்று டாக்டர்கள் எழுதியவை. நாலாவது சளி மாத்திரை, யாரும் எழுதாதது.

"தூக்க மாத்திரை ஒண்ணுதாண்ணே" என்றார். அட்டைகளைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தேன். வயிற்று மாத்திரையில் கிளிடினியத்தோடு குளோர்டயசெபாக்சைடு. டென்ஷன் மாத்திரையில் எஸ்சிட்டலோபிராமோடு குளோனசெபாம். தூக்கத்துக்கு சோல்பிடம். சளி மாத்திரையில் குளோர்பெனிரமின். நாலிலுமே தூக்கக் கலக்கம் தருகிற சரக்கு!

மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் நரம்புகளின் துடிப்பை அடக்கி வைக்கிறது. முதல் மூன்று மாத்திரைகளிலும் உள்ள தூக்கச் சரக்கு அந்தக் காபாவுக்கே பலம் சேர்ப்பது. சளி மருந்தோ நம்மை விழித்திருக்க வைக்கும் ஹிஸ்டமினைத் தடுக்கிறது. மாட்டின் மூக்கணாங்கயிற்றை நாலு பேர் சேர்ந்து இழுத்த கதைதான். வயதானவர்களுக்கு ஈரல் மெதுவாகத்தான் மருந்தைக் கழிக்கும். குளோர்டயசெபாக்சைடு உடைந்து உண்டாகும் பொருள்கள் நாள்கணக்கில் உடம்பில் தங்கும். நேற்றைய பாக்கி தீருமுன் இன்றைய கடன் ஏறும். விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், மறதி நோயோ என்று வீட்டார் பயப்படும் குழப்பமும் இப்படித்தான் வருகின்றன.

இதோடு டிரமடால் போன்ற வலி மாத்திரையோ, கோடீன் உள்ள இருமல் மருந்தோ, சாராயமோ சேர்ந்தால் ஆபத்து மூச்சுக்கு. மூச்சை நடத்துகிற மூளைப்பகுதியே அயர்ந்துவிடும். வலி மருந்தையும் தூக்க மருந்தையும் சேர்ப்பது பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-ல் கட்டம் போட்ட எச்சரிக்கையே விடுத்தது. ஹாலிவுட் படத்தில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் 2008-ல் 28 வயதில் இறந்தபோது, உடம்பில் இருந்தவை ஆறு மருந்துகள்: வலிக்கு, பதற்றத்துக்கு, தூக்கத்துக்கு. அவை கூடிச் செய்த வேலை, தற்செயல் மரணம் என்பது முடிவு.

நம் நாட்டில் 2014 முதல் அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடம் போன்றவை எச்1 அட்டவணையில் இருக்கின்றன. அதன்படி, சீட்டு எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கிறேன். ஆனால் என் பதிவேட்டுக்கு என் கடை மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு டாக்டருக்கும் அவரவர் சீட்டு தெரியும். மொத்தக் கணக்கும் அந்த மஞ்சப்பையில்தான் இருந்தது.

சளி மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொன்னேன். மற்றவற்றைத் தொடவில்லை, நாள்பட்டுச் சாப்பிட்டதைத் திடீரென விட்டால் நடுக்கம், வலிப்புகூட வரும். நாலு பெயரையும் அளவோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, டென்ஷனுக்குப் பார்க்கும் டாக்டரிடம் பையோடு போகச் சொன்னேன். "எழுப்பி எழுப்பி முழிக்கலைன்னா, மூச்சு விட்டு விட்டு வந்தா, உதடு நீலம் பாரிச்சா, தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்னு இருக்காதேம்மா. உடனே 108" என்றும் சொன்னேன்.

டாக்டர் படிப்படியாகக் குறைத்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து அந்த அத்தையே படியேறி வந்தார்.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிட்ட! நாலு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துருது."

"எந்திரிச்சு என்ன பண்றீங்க?"

"என்ன பண்றது? வாசல் தெளிச்சுக் கோலம் போடுறேன்."