இரும்பு நுழையும் வாசலில் ஈயம்

தவழ ஆரம்பித்த குழந்தைக்குக் கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குத்தான். தரையைத் தடவிய கையும் அப்படியே வாய்க்குப் போகும். உலகத்தை அது தெரிந்துகொள்ளும் வழியே அதுதான். வடசென்னையின் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் அந்தக் கையோடு லாரிகள் கிளப்பும் புழுதியும், பழைய சுவரில் உதிரும் பெயின்ட்டும், மீன்வலையின் அடிக்கயிற்றில் கோத்த ஈயக்குண்டின் துகளும் சேர்ந்தே உள்ளே போகலாம்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை, பெரியவர்களின் மூளையில் கால்வாசி எடைதான். மூன்று வயதுக்குள் முக்கால் பங்கைத் தாண்டிவிடும். நரம்பணுக்கள் கணக்கில்லாமல் இணைப்புகளைப் போட்டுக்கொள்ளும் காலம் இது. அம்மா பேசப் பேச, பாட்டி கொஞ்சக் கொஞ்ச, அடிக்கடி வேலை செய்யும் இணைப்புகள் நிலைக்கும், மற்றவை கழியும். ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் சேதி சொல்ல கால்சியம் வேண்டும். ஈயம் கால்சியம் போல வேடமிட்டு நுழைந்து, சேதியைக் குழப்பிவிடுகிறது. எதை வைப்பது, எதைக் கழிப்பது என்ற கணக்கு தப்புகிறது.

2000-இல் பெட்ரோலிலிருந்து ஈயம் நாடு முழுக்க நீங்கியது. அதற்குப் பிறகும் சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் பரிசோதித்தபோது, ரத்தத்தில் ஈயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் இருந்தது. அமெரிக்காவில் கவனிக்க வேண்டிய அளவு இன்று 3.5. ஈயம் கூடிய குழந்தைகளிடம் கவனச்சிதறலும் பதற்றமும் கூடுதலாக இருப்பதை ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. 2009-இல் இந்த ஆய்வு வெளியானது.

பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும். சின்னக் குழந்தைகளுக்குப் பாதி வரை சேரும். குடலில் இரும்புச்சத்தை உள்ளே விடும் புரதமே ஈயத்தையும் விடுகிறது என்பதுதான் சிக்கல். இரும்பு போதாதபோது குடல் அந்தப் புரதத்தைப் பெருக்கும், ஈயத்துக்குக் கொண்டாட்டம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நரம்பிழைகளுக்கு உறை போடவும் இரும்பு வேண்டும் என்பதால், மூளைக்கு இது இரட்டை அடி.

ஆகவே அங்கன்வாடியின் சத்துமாவும், வீட்டு முருங்கைக்கீரையும், கூடவே ஒரு துண்டு நெல்லிக்காயும் குழந்தையின் ரத்தத்துக்கு மட்டுமல்ல, மூளைக்கும் காவல். வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் சேரும் என்பதால் வேளாவேளைக்கு ஊட்டவேண்டும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. ஈயக்குண்டு வார்ப்பதும் பழைய பேட்டரி உடைப்பதும் வீட்டுக்குள் கூடாது. அந்த வேலைக்குப் போனவர் உடை மாற்றிக் கைகழுவிய பிறகே பிள்ளையைத் தூக்கவேண்டும்.

ஆனால் சாலைப்புழுதியைத் தாயின் துடைதுணி தடுத்துவிடாது. பெட்ரோலில் ஈயம் ஒழிந்தது அரசு போட்ட விதியால்தான். பெயின்ட்டில் உள்ள ஈயத்துக்கும் 2017 முதல் உச்சவரம்பு உண்டு. ஈயம் சேர்ந்தால் வெளியே பெரும்பாலும் எதுவும் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும். ஹீமோகுளோபின் பார்க்கக் குழந்தையின் விரலில் குத்தும்போதே, இன்னொரு சொட்டில் ஈயத்தையும் பார்த்துவிடலாம். அதை வடசென்னையிலிருந்து தொடங்குவதே நியாயம்.