ஏழு வல்லரசுகளும் ஒரு கணினியும்

சதுரங்கம் ஆடுவோர் வாய் திறக்க வேண்டுவதில்லை. ஆதலின் அது கணினிக்குள் தடையின்றிப் புகுந்தது. 1997இல் 'டீப் புளூ' என்னும் கணினி உலக வீரர் காஸ்பரோவையே வென்றது. ஆனால் எதிரியோடு பேசியே வெல்ல வேண்டிய ஆட்டமொன்றும் உண்டு. 'டிப்ளோமசி' என்பது அதன் பெயர். தூது என்று தமிழிற் சொல்லலாம். எனினும் அச்சொல்லில் இல்லாத வஞ்சகம் இவ்வாட்டத்தில் நிறைய உண்டு.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற அலன் கல்ஹமர் 1954இல் இதனை அமைத்து, 1959இல் தம் செலவிலேயே 500 பிரதிகள் வெளியிட்டார். 1963 முதல் பலர் இதனைத் தபால் மூலம் ஆடலாயினர். கல்ஹமரும் பிற்காலத்தில் தபாற்காரராகப் பணிபுரிந்தார் என்பது வேடிக்கையான பொருத்தம்.

பலகையில் விரிந்திருப்பது முதல் உலகப்போருக்கு முந்திய ஐரோப்பா. ஆட்டம் தொடங்கும் ஆண்டு 1901. இங்கிலாந்து, பிரான்சு, ஜேர்மனி, இத்தாலி, ஒஸ்திரியா-ஹங்கேரி, ருசியா, துருக்கி என ஏழு வல்லரசுகள். வளநிலையங்கள் 34, அவற்றுள் 18ஐக் கைப்பற்றியவர் வெல்வார். பகடை இல்லை. எல்லாப் படைகளுக்கும் வலிமை ஒன்றே. ஒன்றை ஒன்று தாக்கினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். இன்னொரு படை ஆதரவு தந்தாலன்றி எதிரியைப் பெயர்க்க முடியாது. எனவே அயலானின் துணையை நாட வேண்டியதாகிறது. ஆடுவோர் மூலைக்கொருவராய் ஒதுங்கிக் காதோடு காதாகப் பேசுவர். பின் ஒவ்வொருவரும் தத்தம் கட்டளைகளை இரகசியமாக எழுதுவர். அவை ஒருங்கே வெளியாகும்போதுதான், வாக்குக் கொடுத்தவன் அதனைக் காத்தானா என்பது தெரியவரும். ஆட்டத்தின் உயிர்நிலை அந்தக் கணமே.

1984இல் அவலோன் ஹில் நிறுவனம் இதனைக் கணினி விளையாட்டாக வெளியிட்டது. ஏழு பேரின் கட்டளைகளையும் ஒப்பிட்டு முடிவு கூறுவது சச்சரவுக்கு இடமான வேலை. அதனைக் கணினி நொடியில் முடித்தது. எதிரியாக அமர்ந்தபோதோ அது ஊமையாயிற்று. 2005இல் சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனம் புதிய வடிவமொன்றைத் தந்தது. அதிலும் கணினி அரசரோடு மனம்விட்டு உரையாட வழியில்லை. பேச்சை நீக்கிய டிப்ளோமசி, உப்பில்லாச் சோறுதான்.

அந்த ஊமை 2022இல் வாய் திறந்தது. உரோம நாவலர் சிசரோவின் பெயர் தாங்கிய மெட்டா நிறுவனத்தின் நிரல், தான் எந்திரமென்று அறிவியாது, இணையத்தில் மனிதரோடு 40 ஆட்டங்கள் ஆடியது. நட்புப் பேசியது, உடன்படிக்கை செய்தது, எதிராளிகளின் சராசரிப் புள்ளிகளைப் போல் இரு மடங்குக்கு மேல் பெற்றது. பெரும்பாலும் உண்மையே பேசுமாறு அமைக்கப்பட்டதாம்! ஆயினும், 2024இல் வெளியான ஆய்வொன்று, அதன் வெற்றிக்குக் காரணம் படை நகர்த்தும் திறனே என்றும், பிறரை இணங்க வைப்பதிலும் ஏமாற்றுவதிலும் மனிதரே வல்லவர் என்றும் கண்டது.

கணினிக்கு ஏற்றது நடுவர் ஆசனமே என்பது எம் கருத்து. ஏழு பேர் ஒரு மேசையைச் சூழ்ந்து பல மணி நேரம் அமர்தல் இக்காலத்தில் எளிதன்று. அன்னோர் இணைய வழியே மனிதரோடு பேசி ஆடலாம். கட்டளைகளை ஒப்புநோக்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளும். எதிராளியின் முகம் மட்டும் அங்கே தெரியாது.