பாலைத் திணையும் பிரிவுத் துயரும்

சங்க அகப்பாடல்களைக் காலங்கடந்த காதலின் வெளிப்பாடுகள் எனப் பாராட்டுவது நம்மிடையே வழக்காகிவிட்டது. இப்பாராட்டினால் துயரின் சமூகக் காரணம் மறைக்கப்பட்டுவிடுகின்றது. தெய்வம், மரம், பறவை ஆகியவற்றோடு மக்களின் தொழிலையும் தொல்காப்பியம் கருப்பொருள் என்னும் ஒரே பகுப்பினுள் அடக்குகின்றது. வழிபாடும் இயற்கையும் உழைப்பினின்றும் பிரித்து நோக்கப்படவில்லை என்பது இதனாற் புலனாகும். இவ்வடிப்படையிலே திணைக் கோட்பாட்டைச் சமூக, பொருளாதார வளர்ச்சியுடன் இணைத்துக் கா. சிவத்தம்பி 1974 இல் ஆராய்ந்தார்.

இவ்வுறவைப் பாலைத் திணையிலே தெளிவாகக் காணலாம். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நிலங்களுக்குத் தெய்வங் கூறும் தொல்காப்பியச் சூத்திரத்திற் பாலை இடம்பெறவில்லை. வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் திரிந்த நிலமே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆயினும் அகநானூற்றின் 400 பாடல்களுள் 200 பாலைக்குரியன. அவற்றுட் பலவற்றிலே தலைவன் பிரிவது பொருள் தேடியே. அவன் செல்லும் வழியில் உப்பு வணிகராகிய உமணர் விட்டுச்சென்ற அடுப்புக்கற்கள் கிடக்கின்றன, ஆறலைகள்வர் காத்திருக்கின்றனர், ஆநிரை மீட்டு மாண்டோரின் நடுகற்கள் மயிற்பீலி சூட்டி வழிபடப்படுகின்றன. வணிகமும் கொள்ளையும் வழிபாடும் ஒரே பாதையிற் சந்திக்கின்றன.

இப்பாடல்களை வெறும் பொருளாதாரச் சான்றுகளாகச் சுருக்குவதும் தவறாகும். இல்லறம் நடத்தப் பொருள் வேண்டும். பொருள் தேடப் புறப்படின் இல்லறம் தனிமையாகும். இம்முரண்பாட்டைத் தன் உடலிலும் உள்ளத்திலும் தாங்குபவள் வீட்டிலிருக்கும் தலைவியே. காட்டின் வறட்சி அவளது துயருக்கு வடிவந் தருகின்றது. அத்துயரைத் தோற்றுவித்தது சமூகமே.