அளவுகோலும் ஜெட் விமானமும்

ஜெட் போர் விமானத்தைக் கண்டு வியப்போர் பலர். அதனை அளவு பிறழாமல் காகிதத்தில் வரைவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் சிலர். இச்சிலருக்கு வேண்டுவன கூரிய பென்சில், மில்லிமீட்டர் அளவுகோல், கவராயம், இவற்றோடு ஏராளமான பொறுமை.

இக்கலையில் பெரிதும் வழங்குவது எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவு. ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்ற பழைய பிரிட்டிஷ் கணக்கிலிருந்து அது வந்தது. நம் நாட்டிலேயே உருவான மாருத் என்ற போர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கை முனைக்கு முனை 9 மீட்டர். தாளில் 125 மில்லிமீட்டர். 15.87 மீட்டர் நீளம் ஏறத்தாழ 220 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஆனால் தாளில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், விமானத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் தவறியதாகும்!

புகைப்படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து நகலெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. காமிராவுக்கு அருகிலுள்ள மூக்கு பெருத்தும், தொலைவிலுள்ள வால் சிறுத்தும் அதில் விழும். ஆகவே உடற்பகுதியைப் பல இடங்களில் குறுக்கே வெட்டினாற்போல் பாவித்து, ஒவ்வொரு வெட்டின் அகலத்தையும் உயரத்தையும் புள்ளியிட்டு, அப்புள்ளிகளை இணைத்தே பக்கத் தோற்றத்தையும் மேல் தோற்றத்தையும் வரைதல் வேண்டும். இரண்டும் பொருந்தாவிடில் அழிப்பானை எடுக்க வேண்டியதுதான்.

இவ்வாறு மாருத்தை வரைபவர், சாதாரணமாகப் பார்ப்போர் கவனியாத ஒன்றைக் காண்பார். இறக்கை சேருமிடத்தில் அதன் உடல் இடைபோல் ஒடுங்குகிறது. அழகுக்காக அன்று. ஒலியின் வேகத்தை நெருங்கும் விமானத்தில், இறக்கையையும் சேர்த்துக் கணக்கிட்ட குறுக்குவெட்டுப் பரப்பு திடீரென ஏறி இறங்கினால் காற்றின் தடை மிகும். இறக்கையால் கூடும் பரப்பை உடலில் குறைத்து ஈடுகட்டினார்கள்.

ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் இவ்விமானம் உருவாயிற்று. 1959இல் முழு அளவு மரக் கிளைடர் ஒன்றைப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் முதல் மாருத்தை வானில் செலுத்தினார். ஆனால் திட்டமிட்ட ஆற்றல்மிக்க எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆற்றல் குறைந்த இரண்டு ஆர்ஃபியூஸ் எஞ்சின்களுடனேயே அது 1971 போரில் பாலைவனத்தின்மேல் பணியாற்றியது. எஞ்சின் தர இயலாத வேகத்துக்காக அமைந்த அவ்வுடலின் கோட்டைத் தாளில் இழுக்கும்போது, அமைத்தோர் கண்ட கனவு இன்னதென்று கைக்குத் தெரிகிறது. புத்தகம் படித்து இதை இவ்வளவு தெளிவாக அறிய முடியுமென்று நான் எண்ணவில்லை.

எதை வரையாமல் விடுவது என்பதும் ஒரு கலையே. ஐந்து மில்லிமீட்டர் ரிவெட்டுத் தலை இந்த அளவில் நூலிழையினும் நுண்ணியது. ஆர்வ மிகுதியால் ஒவ்வொன்றையும் புள்ளியிடுவோர் உண்டு. படம் அம்மை கண்ட முகம்போல் ஆகிவிடும். தகடுகளின் இணைப்புகளை மெல்லிய கோட்டாலும், புறவிளிம்பைச் சற்றே தடித்த கோட்டாலும் காட்டினால் போதும்.

விமானப் படைத் தளங்களில் படமெடுப்பதற்குத் தடையுண்டு. அங்கே முயல வேண்டாம். பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் காட்சிசாலையும், தில்லிப் பாலத்தில் உள்ள விமானப் படைக் காட்சிசாலையும் நம்மவர் எளிதில் செல்லக்கூடியவை. உருவத்தை அங்கே நின்று கற்கலாம். வண்ணத்தை மட்டும் அங்கிருந்து எடுக்கலாகாது; வெயிலில் நிற்கும் விமானங்களுக்குப் பின்னாளில் புதுப் பூச்சு பூசியிருப்பார்கள். அதற்கு அவை பறந்த காலத்துப் புகைப்படங்களையே தேட வேண்டும்.