குதிகால் எழும்பும் பனிச்சறுக்கு: முதலில் வாங்க வேண்டியது எது?



காஷ்மீர் சென்று வரும் நம் இளைஞர்கள் பலர் குல்மர்கின் பனிச்சரிவுகளைக் கண்டு, 'நாமும் பனிச்சறுக்குக் கற்றால் என்ன?' என்னும் ஆவலோடு வீடு திரும்புகின்றனர். ஆவல் நல்லதே. ஆனால், விவரம் அறியாமல் கடைக்குச் சென்றால் பணம் கரையும். பொருந்தாத சாதனத்தோடு சரிவில் இறங்கினால் முழங்காலுக்கே கேடு விளையும். ஆகவே, பனிச்சறுக்கில் 'டெலிமார்க்' எனப்படும் முறையைக் கற்க விரும்புவோர் எதனை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

டெலிமார்க் என்றால் என்ன?

எங்கள் அடி அண்ணாமலை வழியாக மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்போரின் பாதங்களைக் கவனியுங்கள். ஒவ்வோர் அடியிலும் முன்பாதம் தரையில் ஊன்றியிருக்க, குதிகால் மேலே எழும்புகிறது. டெலிமார்க்கின் அடிப்படையும் இதுவே. பரவலாகக் கற்பிக்கப்படும் 'ஆல்பைன்' முறையில் முன்பாதம், குதிகால் இரண்டும் சறுக்குப் பலகையோடு பிணைக்கப்படுகின்றன. டெலிமார்க்கிலோ முன்பாதம் மட்டுமே பிணைக்கப்படும். திரும்பும்போது ஒரு காலை முன்னே நகர்த்தி, பின்காலின் முழங்காலைத் தாழ்த்தி, ஏறக்குறைய மண்டியிடும் நிலையில் சறுக்குவார்கள்.

நார்வே நாட்டின் டெலிமார்க் பகுதியில், மோர்கெடால் என்னும் ஊரில் வாழ்ந்த ஏழைக் குடியானவர் சோன்ட்ரே நோர்ஹைம் (1825–1897). முறுக்கிய மரக்கொம்புகளைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி, பலகை கழன்றுவிடாமல் திரும்பவும் தாவவும் அவர் வழி கண்டார். விலையுயர்ந்த பொருள் எதுவும் அவரிடம் இல்லை. பாதமும் பலகையும் சரியாக இணைய வேண்டும் என்னும் தெளிவே அவரிடம் இருந்தது. நமக்கும் அத்தெளிவே வேண்டும்.

பூட்ஸே முதன்மை

பளபளக்கும் பலகையில் மயங்கிவிடாதீர்கள்! முதலில் பாருங்கள் பூட்ஸை. டெலிமார்க் பூட்ஸில், விரல்கள் மடங்கும் இடத்திற்கு மேலே துருத்தி போன்ற மடிப்புகள் இருக்கும். அம்மடிப்பு உங்கள் பாதம் வளையும் இடத்தோடு ஒத்திருக்க வேண்டும். உள்ளுறையைக் கழற்றிவிட்டு, வெளிக்கூட்டினுள் பாதத்தை வைத்து, விரல்நுனி முன்னே தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலோ, அதற்குச் சற்று மேலோ நுழையும் இடைவெளி இருந்தால் அளவு சரி. பின்னர் உள்ளுறையைப் பொருத்தி, மெல்லிய காலுறை ஒன்றை மட்டும் அணிந்து, முழங்காலைத் தாழ்த்திப் பாருங்கள். விரல் நசுங்கினாலோ, பூட்ஸினுள்ளே குதிகால் வழுக்கினாலோ அது உங்களுக்குரியதன்று. 'வளரும் பிள்ளைதானே' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது இங்கே சிக்கனம் ஆகாது, அது ஆபத்து.

பிணைப்புப் பொறி

பூட்ஸைப் பலகையோடு இணைப்பது 'பைண்டிங்' எனும் பிணைப்புப் பொறி. 1927இல் நார்வேயின் புரோர் வித் என்பவர் உருவாக்கிய பொறிக்கு 'ரொட்டெஃபெல்லா' என்று பெயர். எலிப்பொறி என்பது அதன் பொருள். அதன் வழிவந்த 75 மில்லிமீட்டர் வகை இன்றும் புழக்கத்தில் உள்ளது. 2007இல் என்.டி.என். எனும் புதிய வகை வந்தது. ஒன்றிற்கான பூட்ஸ் மற்றொன்றில் பொருந்தாது! பழைய சாதனத்தை மலிவாக வாங்குவோர் இதனை அவசியம் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: 'கீழே விழுந்தால் இது தானே கழலுமா?' 75 மில்லிமீட்டர் பொறிகளில் பெரும்பாலானவை அவ்வாறு கழலுவதில்லை. கழலும் வசதியுள்ளதைத் தேர்ந்தெடுப்பது முழங்காலுக்கு நல்லது. கழன்ற பலகை சரிவில் ஓடிப் பிறரைத் தாக்காதிருக்கத் தடுப்பானோ காலில் கட்டும் வாரோ வேண்டும்.

பலகையும் பிறவும்

தொடக்க நிலையினருக்கு மோவாய்க்கும் மூக்கிற்கும் இடைப்பட்ட உயரமுள்ள, எளிதில் வளையும் பலகை போதும். யாரோ ஒதுக்கிய நீண்டு குறுகிய பழைய பலகை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதில் திரும்பக் கற்பது கடினம். ஊன்றுகோலைப் பிடித்து நின்றால் முழங்கை செங்கோணமாக இருக்க வேண்டும். தலைக்கவசம், கையுறை, கண்ணாடி ஆகியவற்றோடு முழங்கால் உறையும் வாங்குங்கள். முழங்காலைத் தாழ்த்தும் இம்முறையில் பலகையும் கல்லும் அதில் இடிக்கக்கூடும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மர்கில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆல்பைன் சாதனங்களே. முதல் பருவத்தில் அவற்றைக் கொண்டே சமநிலையும் நிறுத்தமும் கற்றுக்கொள்ளலாம். அப்பயிற்சி வீணாகாது, டெலிமார்க் சாதனத்திலும் அத்திருப்பங்களைச் செய்ய இயலும். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கிய முகம்மது ஆரிஃப் கான் இதே குல்மர்கின் சரிவுகளில் பயின்றவரே. பெருஞ்சரிவுப் போட்டியில் அவர் 45ஆம் இடம் பெற்றார்.

ஆர்வம் நிலைத்தபின் பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், பலகை காத்திருக்கட்டும். பயிற்றுநர் காட்டும் எல்லைக்கு அப்பால் செல்லாதீர்கள். 2023 பிப்ரவரியில் அஃபர்வத் சரிவில் பனி சரிந்து போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர்.

பெற்றோர்களே! பிள்ளைகள் கேட்கும்போது மறுக்கவும் வேண்டாம். கேட்டதையெல்லாம் வாங்கி வீண்விரயம் செய்யவும் வேண்டாம். பாதத்தை அளந்து, பொருத்தத்தைச் சோதித்து, தேர்ந்த பயிற்றுநரிடம் ஒப்படையுங்கள். சரியான சாதனம் விளையாட்டை எளிதாக்கும். பிள்ளையை நலமாக வீட்டிற்கும் அனுப்பி வைக்கும்.