ஹாரனும் ஏர்பேக்கும் தொங்கும் ஒரு நாடா

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். அதற்குள் சாலை 1,400 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. கோவையிலிருந்து சேலம் வரை நெடுஞ்சாலையில் போனால் ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்று திருப்ப வேண்டிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மலையில் அப்படியா? ஒரு வளைவில் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும், அது நிமிர்வதற்குள் அடுத்ததில் வலப்பக்கம். நடுவே மேலேறி வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க வேறு வேண்டும். டயரும் பிரேக்கும் தேய்வதை எல்லாரும் கணக்கில் வைக்கிறோம். ஸ்டியரிங் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்று தேய்வதை யாரும் வைப்பதில்லை. மெக்கானிக்குகளிடம் அதற்குப் பெயர் கிளாக் ஸ்பிரிங். சில கம்பெனிகள் ஸ்பைரல் கேபிள் என்கின்றன.

ஹாரன் பட்டன், பாட்டின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள், ஓட்டுநருக்கான ஏர்பேக் எல்லாம் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுற்றுகின்றன. பேட்டரியும் கன்ட்ரோல் யூனிட்டும் சுற்றாத பக்கம் இருக்கின்றன. இரண்டையும் இணைக்க வேண்டும். சாதாரண ஒயரைப் போட்டால் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். பழைய கார்களில் ஹாரன் ஒன்றுதான் பிரச்சினை என்பதால் ஒரு பித்தளை வளையத்தின்மேல் தொடுமுனையை உரசவிட்டுச் சமாளித்தார்கள். தூசி படிந்தால் ஹாரன் கரகரக்கும், அவ்வளவுதான்.

ஏர்பேக் வந்ததும் அந்த ஏற்பாடு எடுபடவில்லை. ஏர்பேக்கைப் பற்றவைக்கும் திரியின் மின்தடை இரண்டு மூன்று ஓம்தான். கன்ட்ரோல் யூனிட் சிறு மின்னோட்டத்தை அனுப்பி அந்த அளவைச் சோதித்துக்கொண்டே இருக்கும். உரசும் வளையத்தில் தடை ஏறி இறங்கினால் அதைப் பழுது என்றே எடுத்துக்கொள்ளும். விபத்தில் பை விரிய ஆகும் நேரமும் சுமார் 30 மில்லிசெகண்டுதான். அந்தக் கணத்தில் தொடர்பு விட்டுப்போகக் கூடாது.

ஆகவே உரசலே இல்லாத வழி: பிளாஸ்டிக் படலத்துக்குள் மெல்லிய செம்புத் தடங்கள் ஓடும் தட்டையான நாடா, கொசுவர்த்திபோலச் சுருண்டு டப்பாவுக்குள் கிடக்கிறது. ஒரு பக்கம் ஒடித்தால் சுருள் இறுகும், மறுபக்கம் ஒடித்தால் தளரும். பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மூன்று, மூன்றரைச் சுற்று. நாடாவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நீளம் விட்டிருப்பார்கள்.

ஆனால் செம்பு களைக்கும். சிறிய வளைவையே லட்சக்கணக்கான தடவை வளைத்தாலும் அதில் நுண்விரிசல் விழும். எனவே இந்தப் பாகத்தின் வயதைக் கிலோமீட்டரில் அளப்பது சரியல்ல என்பேன். ஸ்டியரிங் எத்தனை தடவை, எவ்வளவு தூரம் திரும்பியது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் மலை வண்டிக்குச் சமவெளி வண்டியைவிட வயது அதிகம். வடிவமைப்பிலேயே கோளாறு நேர்வதும் உண்டு. 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகெங்கும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்ததற்கு இந்த ஸ்பைரல் கேபிளும் ஒரு காரணம். இந்தியாவில் இன்னோவா வண்டிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

அறிகுறி எளிது. நேராக ஓடும்போது ஹாரன் அடிக்கிறது, ஒடித்தால் அடிப்பதில்லை என்றால் பெரும்பாலும் நாடாதான். எந்த நிலையிலும் அடிக்கவில்லையா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பனிமூட்டத்தில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவில் ஹாரன் ஊமையானால் என்ன ஆகும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாடா அறுந்தால் கூடவே ஏர்பேக் விளக்கும் எரியும். பல கார்களில் அது எரிந்துகொண்டிருக்கும்வரை பை விரியும் என்று நம்ப முடியாது.

மாற்றுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. ஆனால் அவசரப்படக் கூடாது. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். கன்ட்ரோல் யூனிட்டின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கழற்றிய ஏர்பேக்கை முகம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். சாதாரண மீட்டரால் அதன் தடையை அளக்கவே கூடாது, அந்த மின்னோட்டமே பையை வெடிக்கவைக்கலாம். ஸ்டியரிங்கை உருவும் முன் தண்டில் ஓர் அடையாளக் கோடு போட்டுக்கொள்வது நல்லது.

புதிய கிளாக் ஸ்பிரிங் நடுநிலையில் ஒரு பின்னாலோ டேப்பாலோ பூட்டி வரும். மாட்டி முடிக்கும்வரை அதை எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால், ஒரு பக்கம் நிற்கும்வரை மெதுவாகச் சுற்றி, மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வர வேண்டும். நடு தவறிய நாடா மேட்டுப்பாளையம் கடைவீதியில் ஒழுங்காகத்தான் இருக்கும். மலையேறி முதல் கொண்டை ஊசியில் முழுக்க ஒடிக்கும்போது இழுபட்டு அறும். ஸ்டியரிங் ராக் வேலைக்காகத் தண்டைக் கழற்றும்போது ஸ்டியரிங் சக்கரம் தன்பாட்டுக்குச் சுழன்றாலும் இதே கதிதான். ராக் வேலை முடிந்து சில நாளில் ஹாரன் போனால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

வேறு வண்டியில் கழற்றிய பழைய பாகத்தை மாட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. அது எத்தனை வளைவு கண்டதென்று யாருக்குத் தெரியும்? அதைவிட மோசம், விளக்கை அணைக்க ஒரு ரெசிஸ்டரைச் செருகும் வித்தை. கன்ட்ரோல் யூனிட் ஏமாறும், பை விரியாது.

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அந்த வண்டிகள் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. வாங்கும் முன் சாவியைத் திருப்பிப் பாருங்கள்: ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது, எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம், விலை பேசாதீர்கள்.